அத்தையின் போர்வையும் அம்மாவின் செயற்கைக்கோளும்

“இது துணி காயப்போடுற கம்பிதானே, கண்ணு?”

மொட்டைமாடியில் பக்கத்து வீட்டு அத்தை கேட்ட அன்றே ‘இல்லை’ என்று சிறுமி குருவி சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தை மூச்சுவிடாமல் பேசுபவர். குருவியோ வீட்டுக்கு வெளியே வாயே திறக்காதவள். சும்மா தலையாட்டி வைத்தாள்.

வந்தது வினை! அது ஆன்டெனா.

குருவியின் அம்மாவும் கூட வேலை செய்பவர்களும் செய்த செயற்கைக்கோள் போன மாதம்தான் விண்ணுக்குப் போனது. மேகங்களைப் படம் பிடித்து அனுப்பும். ஒரே ஒரு படத்தையாவது தானே பிடித்து அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று குருவிக்கு ஆசை.

ஆனால் அது தலைக்கு மேல் வரும்போதெல்லாம் கம்பியில் ஈரப் போர்வை தொங்கியது. ஒருநாள் மாமாவின் பேன்ட்! கணினித் திரையில் வெறும் புள்ளிகள்தான்.

‘தினமும் இவ்வளவு துணி எங்கேயிருந்துதான் வருமோ!’ குருவி பல்லைக் கடித்தாள்.

“இன்னிக்கு மதியம்தான் அது கடைசியா நம்ம தலைக்கு மேல வரும்,” என்றார் அம்மா காலையில். “எவ்வளவு தாழப் பறக்க முடியும்னு பார்க்கத்தானே அனுப்பினோம்? அங்க இருக்கிற கொஞ்சூண்டு காத்தே உரசி உரசிக் கீழ இழுத்துடுச்சு. நாளைக்கு எரிஞ்சிடும்.”

மதியம், கம்பியடியில் சின்ன ரேடியோவை வைத்து, நீள ஒயரால் படிவாசலில் இருந்த கணினியோடு இணைத்தாள் குருவி. படியில் வாளிச் சத்தம்!

“அப்பப்பா, என்ன வெயில்!” அத்தை போர்வையை உதறினார்.

“வேண்டாம் அத்தை! அது கொடி இல்ல, ஆன்டெனா!”

“அட, உனக்குப் பேசக்கூட வருமா? முதல்லயே சொல்றதுக்கென்ன? அந்தப் பக்கம் உசரத்துல கட்டியிருக்கிற துணிக்கொடி எனக்கு எட்டுதா? கையைத் தூக்கினா தோள்பட்டையில உயிர் போகுது.”

குருவிக்குக் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியை முடிச்சுப் போடுவதில் காட்டினாள். தன் ஸ்கிப்பிங் கயிற்றை அத்தைக்கு எட்டும் உயரத்தில் இழுத்துக் கட்டினாள்.

ரேடியோ ‘டிக் டிக்’ என்றது. திரையில் கோடு கோடாகக் கடல் வந்தது, கரை வந்தது. கரையை ஒட்டி வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய குவியல்!

“அத்தை, மழை வருது! காயப்போடாதீங்க.”

“மழையா? வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. பெட்டியைப் பார்த்து ஜோசியம் சொல்றியா?”

அத்தை ஸ்கிப்பிங் கயிற்றில் துணிகளை விரித்துவிட்டுத் தான் பார்த்த மழைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

சொட்! அவர் மூக்கின் மேல் ஒரு துளி.

பேச்சு பாதியில் நின்றது. அடுத்த நிமிடம் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. குருவி படம் பதிந்த கணினியைக் கட்டிப்பிடித்தபடி படிவாசலுக்குள் ஒதுங்கினாள். ஐயோ, ரேடியோ!

துணிகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வந்த அத்தை, பாதி வழியில் நின்றார். கம்பியடிக்குத் திரும்பிப் போனார். காலி வாளியை ரேடியோவின் மேல் கவிழ்த்தார்.

பிறகு, நனைந்த முகத்தோடு குருவியைக் கடந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனார்.