போட்டாவில் ஒரு மீசை குறைகிறது!

"ஐயோ...! கொல்றாங்களே...! என்னைக் கொல்றாங்களே...!"

கொல்லிமலை. பைல் நாட்டு மந்தை. 1936, ஆடி மாதத்து உச்சி வெயில்.

அலறல் வந்த இடம், அப்பாசாமியின் மிளகுக் கிடங்கு!

மந்தையில் கூடியிருந்த முந்நூறு பேரும் ஓடினார்கள். பந்தயக் கூட்டத்துக்குக் காவலாகச் சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி வந்திருந்த ஏட்டு காளியண்ணனும் ஓடினார். ஏறி வந்த மூச்சே அவருக்கு இன்னும் திரும்பியிருக்கவில்லை.

"கதவைத் திறங்கடா!"

"திறக்கலீங்க ஏட்டய்யா!"

"அப்ப ஒடைங்கடா!"

மூன்றாவது இடியில் கதவு பெயர்ந்து விழுந்தது.

உள்ளே இருட்டு... மூக்கைத் துளைக்கும் மிளகு நெடி... தரையில் நீட்டிய இரண்டு கால்கள்! தலையிலிருந்து இடுப்பு வரை கறுப்புத் துணி. துணிக்கு வெளியே, மார்பின் மேல் கயிற்றால் கட்டிய கைகள்.

அசைவே இல்லை.

"முடிஞ்சுதுங்க..." என்றது ஒரு குரல்.

ஏட்டு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

பிணம் தும்மியது!

ஏட்டுக்கு முகம் விழுந்துவிட்டது. இருபது வருஷ சர்வீசில் அவருக்குக் கிடைத்த முதல் கொலை. அதுவும் தும்மிக் கெடுத்துவிட்டது.

துணியை விலக்கினார்கள். முதலில் வெளியே வந்தது ஒரு மீசை. இரண்டு பக்கமும் தேன்மெழுகு தடவி, தேள் கொடுக்குப் போல முறுக்கிய மீசை. அதற்குப் பின்னால் வெங்கிடுசாமி.

சேந்தமங்கலத்தின் ஒரே போட்டோகிராபர் அவர்தான். அவருடைய ஸ்டுடியோ போர்டில் பெயர் சிறிது, மீசை பெரிது. படிக்கத் தெரியாதவர்களும் மீசையை அடையாளம் வைத்து உள்ளே வந்தார்கள். மீசை போனால் கடை போனது மாதிரி.

"யாரு அடிச்சது?"

"மூஞ்சி தெரியலீங்க ஏட்டய்யா. ரெண்டு பேரு."

"ரெண்டு பேருக்கா இம்புட்டுச் சத்தம்?"

"மூணுன்னே வைங்களேன்," என்றார் வெங்கிடுசாமி. அவர் ஏலக்காய் வியாபாரி மகன். எண்ணிக்கையை ஏற்றிச் சொல்வது ரத்தத்தில் வந்தது.

"சரி... படம் புடிச்ச பிளேட்டு?"

வெங்கிடுசாமி கண்களை மூடிக்கொண்டார்.

"திருடிட்டுப் போய்ட்டானுங்க!"

கூட்டம் 'ஹோ'வென்று இரைந்தது. அந்தக் கண்ணாடி பிளேட்டில்தான் அன்றைய தீர்ப்பே இருந்தது!

*

கதை காலையில் ஆரம்பித்தது.

காப்பித் தோட்டத்துத் துரை ஒரு பந்தயம் வைத்தார். தோளில் மிளகு மூட்டையோடு அடிவாரத்திலிருந்து மலை ஏறி ஓடி வர வேண்டும். மந்தையில் கட்டிய மஞ்சள் கயிற்றை முதலில் நெஞ்சால் அறுப்பவனுக்கு ஒரு மயிலைக் காளை.

பைல் நாட்டுக்கு அப்பாசாமி. வாசலூர்பட்டிக்குச் சின்னுசாமி. இருவரும் காளையோடு நிற்கவில்லை. தோற்றவன் மந்தை நடுவே மீசையை மழிக்க வேண்டும் என்று பந்தயத்துக்குள் ஒரு பந்தயம்.

படம் எடுக்க வெங்கிடுசாமி.

"ஓடுறவனைப் பிடிக்குமா உன் கேமரா?" என்று துரை கேட்டார்.

"பறக்கறவனையே பிடிக்கும் துரை. சரித்திரத்துல நிக்கற படமா எடுத்துத் தாரேன்!"

பொய். வெங்கிடுசாமியின் கேமரா, மூடியைக் கழற்றி 'ஒண்ணு... ரெண்டு...' என்று எண்ணி மறுபடி மூடும் சாதி. அதுவரைக்கும் அவர் படம் பிடித்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்த மாப்பிள்ளைகள், பெஞ்சில் கிடத்திய குழந்தைகள், சாத்தி வைத்த பிணங்கள். இவற்றில் பிணம்தான் நல்ல வாடிக்கை. ஆடாது.

மேட்டில் இரண்டு தலைகள் தெரிந்தன. அப்பாசாமி பத்து அடி முன்னால்! கயிற்றுக்கு இன்னும் ஒரே எட்டு!

வெங்கிடுசாமி மூடியைக் கழற்றினார். இருபது வருஷப் பழக்கம்... வாய் தானாகக் கத்தியது.

"அசையாதீங்க!"

முந்நூறு பேரும் நெஞ்சை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்து விறைத்தார்கள்.

அப்பாசாமியும்தான்!

மூட்டையும் மீசையுமாகக் கயிற்றுக்கு முன்னால் கல்லாக நின்றுவிட்டான். பின்னால் வந்த சின்னுசாமி அவனைத் தாண்டி ஓடிக் கயிற்றை அறுத்தான்.

அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! துரை உட்பட.

பார்த்தது ஒரே ஆள். வெங்கிடுசாமி.

"நாந்தான் கெலிச்சேன்!" என்றான் சின்னுசாமி.

"இல்லீங்க, நானு!" என்றான் அப்பாசாமி, துளிச் சந்தேகமும் இல்லாமல்.

தடிகள் உயர்ந்தன. துரை கடிகாரத்தைப் பார்த்தார். "போட்டோ பொய் சொல்லாது. அது சொன்னதுதான் தீர்ப்பு," என்று சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார். பெரிய மனிதர்கள் சண்டையைத் தொடங்கி வைப்பார்கள். இருந்து பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது?

வெங்கிடுசாமி ஜன்னல் இல்லாத மிளகுக் கிடங்கில் புகுந்தார். சிவப்பு விளக்கை ஏற்றினார். பிளேட்டை மருந்தில் கழுவினார். உருவம் எழுந்தது...

அவருக்கு வியர்த்தது.

அப்பாசாமி கண் இமை முதல் கால் நகம் வரை அப்படியே இருந்தான். சின்னுசாமி இல்லவே இல்லை! அவன் ஓடிய இடத்தில் அடுப்புப் புகை மாதிரி ஒரு தீற்றல். அவ்வளவுதான்.

படத்தைக் காட்டினால், ஜெயித்தவன் தோற்றான் என்று தீர்ப்பாகும். உண்மையைச் சொன்னால், ஓடியவனை நிறுத்திய வாய் யாருடையது என்று கேள்வி வரும். பைல் நாட்டார்கள் மலை உச்சியிலிருந்து உருட்டிவிட்டால் சேந்தமங்கலம் போய்ச் சேர நேரமும் ஆகாது, உடம்பும் மிஞ்சாது.

பிளேட்டை உடைத்துவிடலாமே?

கை வரவில்லை. ஏனென்றால், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவர் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம்!

ஆகவே காய்ந்த பிளேட்டைத் துண்டில் சுற்றி மூலை மூட்டைக்குள் புதைத்தார். பல்லால் இழுத்துக் கைகளைக் கயிற்றால் கட்டினார். கட்டிய கையாலேயே கேமராவின் கறுப்புத் துணியைத் தலைமேல் இழுத்துப் போர்த்தார். பிறகு அலறினார்.

ஆமாம். திருடனும் அவரே, திருட்டுக் கொடுத்தவரும் அவரே. க்ரைம் கதைக்கு இரண்டு ஆள் சம்பளம் மிச்சம்.

*

"இது யாரு கிடங்கு?" ஏட்டு மீசையைத் தடவினார்.

"என்னுதுங்க," என்றான் அப்பாசாமி.

"புடிங்க அவனை!"

"நான் எதுக்குங்க என் ஊட்டுலயே திருடோணும்?"

"படத்துல தோத்திருப்பே. அதான் எடுத்துட்டே!" சின்னுசாமி குதித்தான். "கயிறு என் நெஞ்சுலதான்டா அறுந்துச்சு!"

"தோத்தவன் நீயி! ஏனுங்க வெங்கிடுசாமி அண்ணா, நீங்களே சொல்லுங்க!"

வெங்கிடுசாமி தும்மினார். இந்தச் சமயத்தில் அதை விட நல்ல பதில் கிடையாது.

ஏட்டு அதே கயிற்றால் அப்பாசாமியின் கைகளைக் கட்டினார். "நட, சேந்தமங்கலம் ஸ்டேஷனுக்கு. அங்க வச்சு விசாரிச்சா வாய் தானாத் திறக்கும்."

வெங்கிடுசாமிக்குள் மனசாட்சி எழுந்து, உண்மையைச் சொல் என்று ஒரு விலை சொன்னது. அவர் பாதிக்குக் கேட்டார். பிளேட் கீழே கிடந்து கிடைத்ததாகச் சொல்லிவிட்டால்? அப்பாசாமியும் தப்புவான், தன் முதுகும் தப்பும்!

ஏட்டு பார்க்காத நேரம் மூலை மூட்டைக்குள் கையை விட்டார்.

மிளகு.

இன்னும் ஆழமாக விட்டார்.

மிளகு... மிளகு... மிளகு மட்டும்!

முழங்கை வரை போன கை வெறுமையாகத் திரும்பியது. பிளேட் இல்லை! இப்போது உண்மையாகவே திருடன் ஒருவன் இருக்கிறான்!

"ஏட்டய்யா!" அவர் அலறினார். "பிளேட்டு காணோம்!"

"அதைத்தானய்யா இம்புட்டு நேரமா விசாரிக்கறேன்!"

"இல்லீங்க... இது வேற காணோம்..."

"கொஞ்சம் நில்லுங்க ஏட்டய்யா."

பெண் குரல். அப்பாசாமியின் மனைவி மாதம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தானைக்குள் எதையோ அணைத்திருந்தாள்.

"கதவை ஒடைச்சுத்தானுங்களே உள்ள வந்தீங்க?"

"ஆமா."

"உள்தாப்பாளு போட்டிருந்துச்சுங்களே. அப்ப திருடன் எப்புடிங்க வெளிய போனான்?"

ஏட்டு விழுந்து கிடந்த கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

வெங்கிடுசாமி தன்னைத் தானே சபித்துக்கொண்டார். இருட்டறைக்குள் போனால் முதலில் தாழ்ப்பாள்... வெளிச்சம் வரக் கூடாது. தொழில் பழக்கம்! கொலை செய்யப்படப் போகும்போதும் கை அதையே செய்திருந்தது.

"ஒருவேளை... புகை மாதிரிப் போயிருப்பானுங்க..." என்று முனகினார்.

"புகையும் இல்லை, பூதமும் இல்லீங்க. நான் பரண் மேல இருந்தேன்."

"என்னது!"

"சாக்கு எடுக்கப் பரண் ஏறினேனுங்க. அதுக்குள்ள இவரு வந்து தாப்பாளைப் போட்டு, கதவைத் திறந்தா படம் செத்துரும்னு வெளிய நின்னவங்களுக்குக் கேக்கறாப்புல சத்தம் போட்டாரு. எதுக்கு வம்புன்னு கம்முனு உக்காந்துட்டேன். துண்டுல சுத்துனதும் பார்த்தேன். கயித்தைப் பல்லால இழுத்துக் கட்டுனதும் பார்த்தேன். பாவம், ரெண்டு தடவை அவுந்துபோச்சு."

"அம்புட்டு நேரம் மிளகுக்குள்ள இருந்துமா தும்மலை?"

"நான் பொறந்ததே மிளகு மூட்டைக்கு நடுவுலதானுங்க!"

ஏட்டு மெல்ல அப்பாசாமியின் கட்டை அவிழ்த்தார். வெங்கிடுசாமியின் கால்கள் வாசலைப் பார்த்தன. வாசலில் வாசலூர்பட்டி முழுவதும் நின்றது.

"பிளேட்டு எங்க அம்மிணி?"

முந்தானையிலிருந்து எடுத்து வெயிலில் உயர்த்திப் பிடித்தாள் மாதம்மாள்.

முந்நூறு தலைகளும் நிமிர்ந்தன.

"அட, அப்பாசாமிக்கு மீசை நரைச்சுப் போச்சே!"

"பிளேட்டுல கறுப்பு வெளுப்பாத்தான் தெரியும். தாள்ல போட்டாக் கறுத்துரும்," என்றார் வெங்கிடுசாமி. உயிர் போகிற நேரத்திலும் தொழில் விளக்கம்.

"நான் எங்க?" சின்னுசாமி கண்ணாடியில் மூக்கை வைத்துத் தேடினான். "ஏனுங்க, நான் எங்க?"

"அந்தா... புகை மாதிரி ஒண்ணு..."

"நான் புகையா? மலையேறி ஓடி வந்தவன் புகையா!"

"போட்டாவுல இல்லாதவன் எப்புடிக் கெலிப்பான்?" பைல் நாடு ஆர்ப்பரித்தது. "மழிங்கடா அவன் மீசையை!"

மறுபடி தடிகள் உயர்ந்தன. சின்னுசாமியை நாலு பேர் அமுக்கினார்கள். அவன் கண்ணில் தண்ணீர். வெங்கிடுசாமி வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்...

அப்பாசாமி முந்திக்கொண்டான்.

"அவனை உடுங்க சாமி. தோத்தவனைத் தொந்தரவு பண்ணக் கூடாது. அசைஞ்சதுதான் அவன் தப்பு."

"என்னது?" என்றார் ஏட்டு.

"போட்டாக்கார அய்யா அசையாதீங்கன்னாரு. நான் நின்னேன். அவன் அசைஞ்சு ஓடிட்டான். அசைஞ்சவன்தானே தோத்தவன்?"

ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"யோவ்... ஓடுற பந்தயத்துல நிப்பாங்களா?"

"என் கல்யாணத்துல இதே அய்யா, இதே சொல்லுத்தான் சொன்னாரு. நான் அசைஞ்சுட்டேன். படத்துல மூணு தலை வந்துருச்சுங்க. இவ மூணு வருசமாத் திட்டறா!"

"பின்னே?" மாதம்மாள் பொங்கினாள். "எந்தத் தலைக்குக் கழுத்தை நீட்டுனேன்னு ஊரே கேக்குது! இப்பத்தான் இவரு ஒத்தை மூஞ்சியோட வந்திருக்காரு. இதைப் போயி மிளகுல புதைச்சாரு இந்த மனுசன். அதான் நீங்க எல்லாம் உள்ள பாய்ஞ்ச சந்தடியில இறங்கி எடுத்துட்டேன். காளையும் வேண்டாம், கெலிப்பும் வேண்டாம். இந்தப் போட்டா எனக்கு வேணும்!"

முந்நூறு ஜோடிக் கண்கள் வெங்கிடுசாமியின் பக்கம் திரும்பின.

"ஆமாங்க," என்றார் அவர். "கயிறு அறுத்தது சின்னுசாமிதான். இவனை நிக்க வச்சது... நானு."

ஏட்டு தொப்பியை மாட்டினார். கொலை கிடைக்காவிட்டாலும் ஒரு தீர்ப்பாவது கிடைத்ததே!

"காளை சின்னுசாமிக்கு. போட்டா மாதம்மாளுக்கு. பேச்சுப்படி மீசை போகோணும். அது தோத்தவன் மீசையா இருக்கக் கூடாது. தோக்க வச்சவன் மீசை!"

"ஏட்டய்யா! அது என் கடை போர்டுங்க!"

"போர்டை மாத்து."

"ஒரு பக்கம் மட்டும் எடுத்துக்கலாமா?"

"கட்டாது."

"நுனி? ரெண்டு நுனி?"

"உக்காருய்யா!"

அவரை மிளகு மூட்டை மேல் உட்கார வைத்தார்கள். கேமராவை அவர் முன்னாலேயே நிறுத்தினார்கள். சரித்திரத்தில் நிற்கும் படம் இன்னொன்று வேண்டும் என்றான் அப்பாசாமி. மூடியைக் கழற்ற அவனே தயாராக நின்றான். சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தான் சின்னுசாமி, புகையாகிப் போன அதே சின்னுசாமி! கத்தி வெயிலில் பளிச்சிட்டது. மேலுதட்டின் மேல் வந்து உட்கார்ந்தது.

வெங்கிடுசாமி அடியிலிருந்த மூட்டை நசுங்கியது. மிளகுத் தூசி மெல்ல மேலே எழுந்தது...

சின்னுசாமி குனிந்து, அன்பாகச் சொன்னான்.

"அசையாதீங்க!"

அப்போதுதான் வெங்கிடுசாமிக்குத் தும்மல் வந்தது.