எதிர்ப்பக்கத்துக் குழி

தட்டின் எதிர்ப்பக்கத்தில் யாரோ சாப்பிட்டிருந்தார்கள்.

லுப்னா கையில் போனோடு நின்றுவிட்டாள். மாடிக்குப் போய்வந்தது கொஞ்ச நேரம்தான். காஸாபிளாங்காவிலிருந்து மகள் ரீம் கூப்பிட்டிருந்தாள். பல் ஆடுகிறதாம், அம்மா வருவதற்குள் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒரே கவலை. அதற்குள் நான் வந்துவிடுவேன்டி என்று சத்தியம் பண்ணிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவளுக்கு, முற்றத்துக் குட்டை மேசையில் இருந்த அகன்ற மண்தட்டைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. பூசணியும் முட்டைக்கோசும் கொண்டைக்கடலையும் மேலே போட்டுக் குன்றாகக் குவித்த குஸ்குஸ் ரவைச் சோற்றில், அவள் உட்கார்ந்த பக்கம் அவள் சாப்பிட்ட குழி இருந்தது. அதற்கு நேரெதிரே இன்னொன்று.

பூனை என்று சொல்லிக்கொண்டாள். ஃபெஸ் பழைய நகரத்தில் பூனைக்கா பஞ்சம்? முற்றத்துக்கு மேலே கூரை கிடையாது. ஆனால் எந்தப் பூனை அடுத்தவர் பங்கைத் தொடாமல், தன் முன்னால் இருப்பதை மட்டும் ஓரம் நேராக எடுத்துச் சாப்பிடும்? எந்தப் பூனை இறைச்சியை விட்டுவைக்கும்? நடுவில் காய்களுக்கு அடியில் இருந்த ஆட்டுக்கறியை யாரோ நார்நாராகப் பிய்த்து, நல்ல துண்டாகப் பார்த்து, அவள் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்கள். வீட்டுப் பெரியவர்கள் விருந்தாளிக்கு அப்படித்தான் செய்வார்கள். தன் பக்கம் வைத்ததைச் சாப்பிடாமல் எழுந்தால் அது வைத்தவர் முகத்தில் அடிப்பது மாதிரி. சின்ன வயதிலிருந்து பழகிய கை, மனசு யோசித்து முடிப்பதற்குள் அந்தக் கறியை எடுத்து வாயில் போட்டுவிட்டது.

இளஞ்சூடாக, நெய் மணத்தோடு, ரொம்ப ருசியாக இருந்தது. கை கழுவிக்கொண்டு வேலை பார்க்கப் போனாள்.

ஒரு மாதத்துக்குத்தான் அந்த வீடு. காஸாபிளாங்காவில் அவளுடைய குடியிருப்பை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரீமும் அவளும் அக்கா இல்ஹாம் வீட்டில் ஒண்டியிருந்தார்கள். அங்கே நாலு பிள்ளைகள் கத்துகிற கத்தலில், வெளிநாட்டுக் கம்பெனியின் வாடிக்கையாளர்களோடு கம்ப்யூட்டரில் பேசி அவர்கள் புகாரைத் தீர்க்கிற வேலை எப்படி ஓடும்? ரீமை அக்காவிடம் விட்டுவிட்டு, இன்டர்நெட் நன்றாக வரும் என்று யாரோ சொன்ன இந்த வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தெருப்பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லாத பழைய வீடு. எல்லா அறைகளும் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். வெளிச்சுவருக்கு அந்தப்புறம் செம்பு தட்டுகிற சத்தமும், கழுதைக்காரர்கள் வழி, வழி என்று போடுகிற கூச்சலும், தோல் பதனிடும் நாற்றமும் நாள் முழுக்க இருக்கும்.

இரண்டு வாசல் தள்ளிக் குடியிருந்த, இந்த வீட்டின் சொந்தக்காரி லல்லா பதூல்தான் அந்த வெள்ளிக்கிழமை தட்டைக் கொண்டுவந்தாள். பருத்த உடம்பு, ஓயாத வாய், லல்லா என்று எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடுகிற மனுஷி.

"ஐயோ லல்லா, இது ஒரு கல்யாணத்துக்கே காணுமே! நான் ஒருத்திதானே இருக்கேன்?"

"உன்னை யாரு முழுசா திங்கச் சொன்னா? வெள்ளிக்கிழமை தட்டு வீட்டுக்கு வர்றதும்மா. ஆளைப் பார்த்தா வருது?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் லுப்னா முற்றத்தைக் கழுவிவிட்டாள். சொந்த வீட்டில் துடைப்பத்தைத் தொடுவதற்கே அழுகிறவள். ஞாயிற்றுக்கிழமை மூலையில் இருந்த தண்ணீர்ச் சாடியை விளக்கி நிரப்பினாள். ரொட்டி வாங்கக் கிளம்பி, வாசல் வரைக்கும் போனதும், உள்ளே ஏதோ வேலை மிச்சம் இருப்பதுபோலத் தோன்றித் திரும்பிவிட்டாள். திரும்பி வந்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் அப்படியே. பதூல் ரொட்டியை ஆள்விட்டு அனுப்பிவிடுகிறாளே, அப்புறம் எதற்கு வெளியே போவது என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம், வேலைக்கு நடுவில் புதினாத் தேநீர் போட்டுக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தபோது, மேசையைச் சுற்றி ஏழெட்டுக் கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கி, எல்லாவற்றிலும் நுரை வர உயரத் தூக்கி ஊற்றியிருந்ததைப் பார்த்தாள். யாருக்கு ஊற்றினாள்? அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. போன வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் வாசலைத் தாண்டவே இல்லை.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு வந்துடறேன்க்கா. வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ரீம்கிட்ட சொல்லு."

"என்னடி ஆச்சு? குரலே சரியில்லையே?"

"வந்து சொல்றேன்."

பின்னாலிருந்து ரீம் கத்தினாள். "அம்மா! பல்லு இன்னும் விழல! நாளைக்கு நீயே பிடுங்கு!"

வெள்ளிக்கிழமை. தொழுகைக்கு அழைப்பு முடிந்ததும் ஊரே கடையை இறக்கிவிட்டது. செம்புச் சத்தம் நின்றது. கழுதைகள் இல்லை. எல்லா வீடுகளிலிருந்தும் ரவை ஆவியில் வேகிற மணமும், பழைய வெண்ணெயின் காட்டமும் ஒன்றாகக் கலந்து சுவர்களுக்கு மேலே மிதந்து வந்து, முற்றத்துக்குள் இறங்கி, வெளியே போக வழி தெரியாததுபோல அங்கேயே தங்கின. லுப்னா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்குப் போனாள். சாவி திரும்பியது. தாழ்ப்பாள் வந்தது. கதவு வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள், காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். சுவரையே இழுப்பதுபோல இருந்தது.

அப்போது கதவு உள்ளே திறந்துகொண்டது. லல்லா பதூல் இடுப்பால் லேசாகத் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் ஆவி பறக்கும் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் தெரு, வெயில், எதிர்ச் சுவர்.

ஓடியிருக்க வேண்டும். இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் வயசான மனுஷி, மூச்சு வாங்க, சுடச்சுடச் சோற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கும்போது எந்தப் பெண் இடித்துக்கொண்டு ஓடுவாள்? லுப்னா கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டாள். அது கனத்தது. பதூலின் பார்வை அவள் தோளில் இருந்த பைக்குப் போனது, அப்புறம் முகத்துக்கு வந்தது. பதூல் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். கதவு சாத்திக்கொண்டது.

"லல்லா! கதவைத் தள்ளுங்க! நான் ஊருக்குப் போகணும்!"

கதவுக்கு அந்தப்புறமிருந்து பதூல் மெதுவாகக் கேட்டாள்.

"ஏண்டியம்மா, போன வாரம் சாப்பிட்டு எந்திரிக்கும்போது சொன்னியா இல்லையா?"

"என்ன சொன்னேனா?"

"என்ன சொல்லுவாங்க! 'அல்லாஹ் நிறைச்சுத் தரட்டும்'னு. விருந்துக்கு வந்தவ சொல்லாம எந்திரிப்பாளா? உங்க வீட்டுல சொல்லிக் குடுக்கலையா?"

"யார்கிட்ட சொல்ல? யாருமே இல்லையே லல்லா!"

சொல்லி முடித்த பிறகுதான் லுப்னாவுக்குப் புரிந்தது. அதைச் சொல்லாமல் எழுவது யார்? வீட்டு ஆட்கள்தான். பெற்ற தாய் போட்ட சோற்றுக்கு எந்த மகள் வாழ்த்துச் சொல்லிவிட்டு எழுகிறாள்?

"எத்தனையோ பேரு தங்கிட்டுப் போயிருக்காங்க," பதூலின் குரல் உடைந்திருந்தது. "வாய் தவறாம சொன்னாங்க, போயிட்டாங்க. எனக்கென்ன தெரியும், எல்லாரும் சொல்லுவாங்கன்னுதானே இருந்தேன்... இப்பச் சாப்பிடு. சாப்பிட்டுச் சொல்லிப் பாரும்மா. வாய்விட்டுச் சொல்லு." செருப்புச் சத்தம் வேகவேகமாகத் தெருவில் தேய்ந்து போனது.

லுப்னா தட்டை மேசையில் வைத்தாள். கடைசி ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு வாய், ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். ரீமின் பல்லை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிஸ்மில்லாஹ் சொன்னாள். விரல் நுனியால் தன் முன்னால் இருந்ததை எடுத்து, உள்ளங்கையில் குலுக்கி உருட்டினாள்.

எதிர்ப்பக்கத்திலும் குஸ்குஸ் சரிந்தது.

பார்க்காதே. விழுங்கு.

இடப்பக்கம் சரிந்தது. வலப்பக்கம். உள்ளங்கைகளில் ரவை குலுங்கும் மெல்லிய சரசரப்பு, அவளைச் சுற்றி வட்டமாக, எல்லா இடத்திலிருந்தும். குஸ்குஸோடு குடிக்கும் மோரை உறிஞ்சும் சத்தம். யாரோ திருப்தியாக மூச்சுவிட்டார்கள், அவள் காதுக்குப் பக்கத்தில். குழிகள் ஆழமாயின. நடுவில் இருந்த கறியை யாரும் தொடவில்லை. காத்திருந்தார்கள்.

அவள் கை போனது. பிய்த்தது. பங்கு வைத்தது. ஒவ்வொருவர் முன்னாலும் நல்ல துண்டாகப் பார்த்து. அவள் வேண்டாம், வேண்டாம் என்றாள். கை கேட்கவில்லை.

எழுந்தாள். கத்தினாள்.

"அல்லாஹ் நிறைச்சுத் தரட்டும்!"

எல்லாம் நின்றது. சரசரப்பு இல்லை. மூச்சு இல்லை.

பிறகு, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கிழவரின் குரல், மரியாதையாக, அவளைப் பார்த்துச் சொன்னது: "அல்லாஹ் உனக்கு நிறைச்சுத் தரட்டும், தாயி." இடப்பக்கத்திலிருந்து ஒரு பெண் சொன்னாள். வலப்பக்கத்திலிருந்து இன்னொருத்தி. ஒவ்வொருவராக. விருந்து போட்டவளுக்குச் சொல்வதுபோல எல்லாரும் அவளுக்குச் சொன்னார்கள். சொல்லிவிட்டு எழுந்தார்கள். முழங்கால்கள் சொடுக்கின. பாதங்கள் முற்றத்தைத் தாண்டின. கதவு சுலபமாகத் திறந்தது, தெருவின் வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. ஒவ்வொருவருக்காக அந்த வெயில் மங்கி மங்கித் தெளிந்தது.

லுப்னா ஓடினாள். வெயில் பட்டை சுருங்கியது. கோடாயிற்று. அதுவும் போயிற்று.

அதற்கப்புறம் எத்தனை வெள்ளிக்கிழமைகள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா வந்தாள். கூடவே ரீம்.

"அன்னிக்கே ரயிலுக்குக் கிளம்பிட்டாம்மா, என் கண்ணால பார்த்தேன்," என்று பதூல் தரையைப் பார்த்துச் சொன்னாள். அவள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இல்ஹாம் அறை அறையாகப் போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். லுப்னா பக்கத்திலேயே நடந்து, இங்கே இருக்கேன்க்கா, இங்கே, இங்கே என்று தொண்டை கிழியக் கத்தினாள். அக்காவின் கண் அவளை ஊடுருவிச் சுவரைப் பார்த்தது. கடைசியில் இல்ஹாம் தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

ரீம் முற்றத்தில் நின்றுவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"பெரியம்மா, அம்மா வாசனை வருது."

லுப்னா குழந்தை முன்னால் மண்டியிட்டாள். முன்பல் இருந்த இடத்தில் சின்ன ஓட்டை. ஒரே ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன், போதும், அப்புறம் அவள் போகட்டும். இந்த வீட்டில் ஒரு நிமிஷம்கூட அவள் இருக்கக் கூடாது. அந்தச் சின்னக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். கதகதப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது.

"வாடி, ரயிலுக்கு நேரமாச்சு." இல்ஹாம் வாசலுக்கு வெளியே நின்று ரீமின் இன்னொரு கையைப் பிடித்து இழுத்தாள்.

"கை வரமாட்டேங்குது பெரியம்மா," என்று ரீம் சிரித்தாள்.

"விளையாடாதே. வா."

விடு, என்று லுப்னா தன் கையிடம் சொன்னாள். விடு. அவளை விடு. உனக்குப் புண்ணியமாப் போகும், என் குழந்தையை விட்டுடு. தன் விரல்களைத் தன் பல்லால் கடித்தாள்.

இல்ஹாம் இழுத்தாள். ரீமின் சிரிப்பு நின்றது. குழந்தையின் கை காற்றில் விறைப்பாக நீண்டிருந்தது. அந்த மணிக்கட்டில், ஒன்றன்பின் ஒன்றாக, விரல்தடங்கள் வெள்ளையாகப் பதிந்து இறுகின.