ஆணியில் தொங்கிய பெல்ட்

"என் புருஷன நான்தான் கொன்னேனான்னு நீங்க பாத்துச் சொல்லணும், ரசியாக்கா."

லாபிஸ் நகரில் ஜஹாங்கீரின் உணவுக்கடையில் மதியக் கூட்டம் வடிந்திருந்தது. பிரவீனாவின் முன்னால் வைத்த தேத்தண்ணீர் ஆறி ஆடை படிந்துவிட்டது. எதிரே இருந்த ரசியா, காப்புறுதிக் கம்பெனிக்காக இருபத்தெட்டு வருடம் விபத்து வண்டிகளைச் சோதித்து ஓய்வு பெற்றவள். யார் எப்படிக் கதறினாலும் குரலை உயர்த்தமாட்டாள். அதற்கும் சேர்த்துப் பேச அவளுடைய தம்பி ஜஹாங்கீர் இருந்தான்.

"முதல்லேருந்து சொல்லும்மா" என்றாள் ரசியா.

"பன்னெண்டு நாளாச்சு. சனிக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு பெக்கோக்குக்குக் கிளம்பினாரு. நல்ல மழை. வளைவுல வண்டி அப்படியே செத்துப் போச்சு. பின்னால செம்பனை லாரி வந்து..."

"லாரிக்காரன்தான் லாத்தா! அவனத்தான் பிடிக்கணும்!" என்று அக்காவிடம் துள்ளினான் ஜஹாங்கீர். ரசியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அடங்கிவிட்டான்.

"அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே, என்ஜின்ல டைமிங் பெல்ட் மாத்தணும், ரெண்டு நாள் வண்டிய விடுங்கன்னு ஒர்க்‌ஷாப் சதாசிவம் அண்ணன் எழுதிக் கொடுத்தாரு. ஜேபி டவுன்ல என் தங்கச்சி கல்யாணம் முடியட்டும்னு நான்தான் தடுத்தேன். ஞாயித்துக்கிழமை அவர எடுக்குற அன்னிக்கு, எடுப்பு வீட்டுக்கே அறுந்துபோன பெல்ட்ட அந்த அண்ணன் கொண்டுவந்து அத்தை கையில கொடுத்துட்டாரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் பிள்ளைய விட்டுட்டு நீ மட்டும் போயிடுன்னு சொல்றாங்க."

"எடுப்பு அன்னிக்கு வண்டி எங்க இருந்துச்சு?"

"போலீஸ் ஸ்டேஷன்ல. புதன்கிழமைதான் விட்டாங்க. இப்ப வீட்டு வாசல்ல கிடக்கு."

"வண்டி ஏன் நின்னுச்சுன்னு அன்னிக்கு யாராவது கேட்டாங்களா?"

"யாரு கேட்டா? எல்லாரும் லாரிக்காரனத்தான் ஏசிக்கிட்டு இருந்தாங்க."

மறுநாள் காலை ரசியாவும் ஜஹாங்கீரும் பிரவீனாவின் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் அவள் கணவன் குணாளனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. படத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணி. அதில் அறுந்த கறுப்பு ரப்பர் பெல்ட் தொங்கியது.

"இதப் பாத்துப் பாத்துத்தான் அவ சோறு திங்கணும்" என்றாள் குணாளனின் தாய் கிருஷ்ணம்மா. பிரவீனா தலையைத் தூக்கவில்லை. பெற்ற வயிறு எரிவது நியாயம்தான். ஆனால் அதற்காக இப்படியா ஒருத்தியை அணு அணுவாகக் கொல்வது?

நீலக் கித்தான் மூடிய வண்டியை நோக்கி ஓடிய ஜஹாங்கீர் வாசலில் வழுக்கினான். "அலமாக்! என்ன இது?"

சிமெண்டுத் தரையில் தட்டு அகலத்துக்குக் கருங்கறை.

"அவன் போறதுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி நின்ன எடம். எத்தனை தரம் கழுவியும் போகல" என்றாள் கிருஷ்ணம்மா.

ரசியா கித்தானை விலக்கினாள். பின்பக்கம் நசுங்கி முன்சீட்டு வரை வந்திருந்தது. முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடியின் மூலையில் சதாசிவம் ஒர்க்‌ஷாப்பின் ஒட்டுத்தாள். என்ஜின் எண்ணெய் மாற்றிய தேதி அதே வெள்ளிக்கிழமை. அவள் வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டை வாங்கிப் படித்தாள். பிறகு சதாசிவத்துக்கு ஆள் அனுப்பினாள்.

அவர் உடனே வந்தார். முகத்தில் துக்கம் சரியாகவே இருந்தது.

"பெல்ட்ட நீங்களே கழட்டினீங்களா?" என்று கேட்டாள் ரசியா.

"ஆமா மேடம். போலீஸ் ஸ்டேஷன்லயே திறந்து எடுத்தேன். தெரிஞ்ச ஆளுங்க."

ரசியா பானெட்டைத் தூக்கினாள். "ஜஹாங்கீர், என்ஜின் பக்கவாட்ட பாரு. பெல்ட் இருந்தா பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பாங்க, அதுக்கு எண்ணெய் பட்டா ஆகாது. பெல்ட்டுக்குப் பதிலா செயின் இருந்தா, அது எண்ணெயிலயே ஓடுறது, கசியாம இருக்க அலுமினிய மூடி போட்டு, சுத்திலும் கம் பசை வெச்சு அடைச்சிருப்பாங்க. இது எது?"

"அலுமினியம், லாத்தா! ஓரமெல்லாம் கம். போல்ட்டு மேல பழைய அழுக்கு அப்படியே இருக்கு, யாரும் தொடவே இல்ல!"

"இந்த மாடலுக்கு பெல்ட்தான் மேடம். ஊருக்கே தெரியும்லா" என்றார் சதாசிவம். குரல் இறங்கியிருந்தது.

"புதுசா வந்தப்ப பெல்ட்தான். முன்ன வெச்சிருந்தவர் ஜப்பான்ல பழைய வண்டிய வெட்டி அனுப்புற ஹாஃப் கட் என்ஜின் வாங்கி மாட்டியிருக்காரு. கிராண்ட்லயே பதிஞ்சிருக்கு. இது செயின், இதுல பெல்ட்டே கிடையாது. நீங்க பானெட்டத் திறக்காம மாடல் பேரக் கேட்டே பெல்ட்டுன்னு எழுதிக் கொடுத்தீங்க. ஆணியில தொங்குறது உங்க குப்பையில கிடந்த வேற வண்டிப் பெல்ட்."

பன்னிரண்டு நாளாக அந்த வீடு ஒரு பொய்க்குப் பக்கத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தது.

ரசியா எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினாள். காய்ந்திருந்தது. குனிந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தாள்.

"எண்ணெய் வடிக்கிற போல்ட்டக் காணோம். மரை கெடல. கையால முறுக்கினதோட சரி, ஸ்பானர் போட்டு இறுக்கல. ராத்திரி முழுக்க இங்க சொட்டிச்சு. வழியில கழண்டு விழுந்துச்சு. எண்ணெய் இல்லாம என்ஜின் இறுகி நின்னுபோச்சு."

"மினியாக் இத்தாம், அந்த என்ஜின் எண்ணெய மாத்தினது என் வேலையாள் மதிவாணன், நான் இல்ல..."

"சரி, அது கவனக்குறைவு. ஆனா வண்டி ஏன் நின்னுச்சுன்னு யாருமே கேக்காத அன்னிக்கு, நீங்க பதிலோட வந்தீங்க. நிஜக் காரணம் தெரிஞ்சவர்தான் பொய்க் காரணத்தத் தூக்கிக்கிட்டு ஓடி வருவாரு. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

சதாசிவம் அந்தக் கறையின் ஓரத்திலேயே குந்தினார்.

"சனிக்கிழமை காலையில. எட்டு மணிக்கு. ஸ்பானர் போட்டேனான்னு ஞாபகம் இல்லன்னு மதிவாணன் சொன்னான். கடையில ஆளுங்க காத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறமா போன்ல கூப்பிடலாம்னு இருந்துட்டேன்."

கிருஷ்ணம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மருமகளைப் பார்த்தாள். "பிரவீனா..." என்றாள்.

ரசியா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட நகர்ந்தாள்.

பிரவீனா உள்ளே போய் ஆணியிலிருந்து பெல்ட்டைக் கழற்றி வந்தாள். சதாசிவத்தின் முன்னால் தரையில் வைத்தாள்.

"எட்டு மணிக்கு அவர் குளிச்சிக்கிட்டு இருந்தாரு, அண்ணே. போன் என் கையிலதான் இருந்துச்சு. நீங்க அடிச்சிருந்தா நான் எடுத்திருப்பேன்."