இன்னொரு டிலேயை எழுதியது யார்?

சிந்தியா எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. "இப்பத்தான் கரைக்கு வந்துது பாப்பா" என்று மீன்காரம்மா சத்தியமே செய்தாலும், செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் அம்மாவைப் பணம் எடுக்க விடுவாள். குருசுக்குப்பத்தில் அவளிடம் பழைய மீனை விற்றவர் எவரும் கிடையாது. ஏழாம் வகுப்பிலேயே இப்படி என்றால், நாளைக்குப் போலீஸில் சேர்ந்தால் என்ன ஆகுமோ!

அந்த வியாழக்கிழமை, முதலியார்பேட்டையில் அவள் படிக்கும் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபில், சந்தேகப்பட அவளுக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

"மேனகா, இங்க வாடி. நேத்து வரைக்கும் ஓடுச்சு. இன்னிக்கு எர்ரர் வருது!" என்று தோழியைக் கூப்பிட்டாள்.

ஓட மறுத்தது 'சுண்டல்'. கம்ப்யூட்டர் கிளப் பிள்ளைகள் சொந்தமாக எழுதிய குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் அது. கம்ப்யூட்டரை எழுப்பிவிடும், விசைப்பலகையில் தட்டுவதைக் கேட்டுக்கொள்ளும், திரையில் எழுத்தைக் காட்டும், அவ்வளவுதான். ரொம்பச் சின்னது என்பதால், கடற்கரையில் பொட்டலத்தில் விற்கிற சுண்டலின் பெயரையே வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை பள்ளிக் கண்காட்சியில், பஸ் வருகிற நேரத்தைச் சுண்டல் காட்ட வேண்டும்.

அதற்காக ஒரு புது சர்க்யூட் போர்டு வந்திருந்தது. பழைய கம்பைலர் அந்தப் போர்டுக்குச் சரிப்படவில்லை. கம்பைலர் என்பது நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற மென்பொருள். ஆகவே கம்ப்யூட்டர் டீச்சர் சுலோசனா மிஸ் புதன்கிழமை மாலை புது கம்பைலரைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

சுண்டலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு குட்டி நிரல், உண்டு. அதில் 'டிலே' சிந்தியா எழுதியது. அதைக் கூப்பிட்டால் கம்ப்யூட்டர் திரையில் புள்ளிகளை ஓடவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருக்கும்.

'டிலே என்ற பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன' என்றது எர்ரர்.

"ரெண்டா? நான் ஒண்ணுதானே எழுதுனேன்?" சிந்தியாவின் புருவம் மேலே ஏறியது. "அப்ப இன்னொண்ண எழுதுனது யாரு?"

மேனகா குரலைத் தாழ்த்தினாள். "புதுசா ஒருத்தன் சேந்திருக்கான்ல..."

கோபிநாத்தைத்தான் சொன்னாள். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, இந்த வாரம்தான் கிளப்பில் சேர்ந்திருந்தான். யாரோடும் அதிகம் பேசமாட்டான். மதியம் எல்லாரும் சாப்பாட்டு மூட்டையை அவிழ்க்கும்போது அவன் மட்டும் எங்கேயோ காணாமல் போய்விடுவான்.

எங்கே போகிறான்? சிந்தியா அன்று பின்னாலேயே போய்ப் பார்த்தாள். லேபுக்குத்தான்! ஒரு கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். இவளைக் கண்டதும், படக்கென்று திரையில் இருந்ததை மூடினான்.

"என்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதத எதுக்குடா மூடுன?"

அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன. பிறகென்ன, திருடன் அகப்பட்டுவிட்டான் என்றே சிந்தியா முடிவு கட்டினாள்.

மாலையில் மிஸ்ஸுக்கு விஷயம் போயிற்று. எல்லாரையும் நிற்க வைத்தார். "கண்காட்சிக்கு ரெண்டு நாள்தான் இருக்கு, யாரோ உள்ள பூந்து வெளையாடியிருக்கீங்க! சிந்தியா, நீதான் லீடர். நாளைக்குக் காலையில யாருன்னு பேரச் சொல்லு. அவங்க இனிமே இந்த கிளப்புல கெடையாது."

கோபிநாத் தலையைத் தூக்கவே இல்லை. பையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனான்.

பெயர் சிந்தியாவின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனாலும் வீட்டில் சோறு இறங்கவில்லை. மீனுக்கே செவுளைப் பார்க்கிறோம், ஒரு பையனைப் பற்றிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? அவன் நிஜமாகவே செய்திருந்தால் அந்த இரண்டாவது டிலே எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்?

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே லேபுக்குப் போய்விட்டாள். சுண்டல் இருக்கிற ஃபோல்டரைக் குடைந்தாள். ஒரே ஒரு டிலேதான் இருந்தது, அவள் எழுதியது. "பலே கில்லாடி, எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கான்" என்று முணுமுணுத்தாள்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. வெறும் ஃபோல்டர் ஒன்றைப் புதிதாகத் திறந்தாள். சுண்டலிலிருந்து ஒரு வரியைக்கூட எடுக்காமல், டிலேயைக் கூப்பிடுகிற ஒரு துக்கடா புரோகிராமை மட்டும் எழுதினாள். டிலேயை எழுதவே இல்லை. 'அப்படி ஒன்று இல்லையே' என்று கம்ப்யூட்டர் சண்டைக்கு வர வேண்டும்.

வரவில்லை. புரோகிராம் சமர்த்தாகக் காத்திருந்து, சமர்த்தாக ஓடி முடிந்தது.

சிந்தியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போதுதான் பிறந்த ஃபோல்டர் இது! இதற்குள் கோபிநாத் எப்படி நுழைந்திருப்பான்?

அதே புரோகிராமைப் பழைய கம்பைலரில் போட்டாள். உடனே வந்தது எர்ரர்: 'டிலே என்று எதுவும் இல்லை.' மறுபடி புதியதில் போட்டாள். ஓடியது!

பழையதில் இல்லை, புதியதில் இருக்கிறது. புது கம்பைலரோடு கூடவே வந்திருந்த லைப்ரரியைத் திறந்து தேடினாள். யார் யாரோ எப்போதோ எழுதிவைத்த ரெடிமேட் ஃபங்ஷன்கள் நிறைய இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு டிலேயும் இருந்தது.

சிந்தியாவுக்கு ரொம்ப வெட்கமாகப் போயிற்று. நேற்று அந்தக் காது சிவந்தது நினைவுக்கு வந்து, அழுகைகூட வரும்போல் இருந்தது.

அதற்குள் மிஸ் வந்துவிட்டார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கோபிநாத் உள்ளே வராமல் வாசலோடு நின்றான்.

"சொல்லு சிந்தியா, யாரு?"

"நீங்கதான் மிஸ்."

"நானா?"

"புது கம்பைலர நீங்கதானே போட்டீங்க? அதோட லைப்ரரியில ஒரு டிலே ரெடியா இருக்கு மிஸ். பழசுல அது கெடையாது, அதனாலதான் நாம சொந்தமா எழுதுனோம். இப்ப ரெண்டும் மோதுது."

மிஸ் குனிந்து திரையைப் பார்த்தார். "அட ராமா! நான்தானா அது!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "இத மொதல்லயே நான் பாத்திருக்கணும்."

"அப்ப லைப்ரரியில இருக்கறத அழிச்சிடலாம்" என்றாள் மேனகா.

"அய்யோ, வேணாம்டி! அங்க இருக்கற மத்ததெல்லாம் அதக் கூப்பிடுதே, அதுங்க எங்க போவும்? நம்மளத எடுத்துட்டாலும் புள்ளி ஓடாது" என்றாள் சிந்தியா.

வாசலிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "எங்க பழைய ஸ்கூல்ல கோபிநாத்னு ரெண்டு பேரு. இனிஷியல் சேத்துதான் கூப்புடுவாங்க."

சிந்தியா மேசையைத் தட்டினாள். "அதான்! நம்ம ஃபங்ஷன் எல்லாத்துக்கும் முன்னாடி 'சுண்டல்'னு இனிஷியல் போட்டுடுவோம். சுண்டல்_டிலே! இனிமே எந்த லைப்ரரி வந்தாலும் மோதாது. உள்ள வாடா கோபிநாத்!"

அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சிந்தியா அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "நீதான்னு நெனச்சேன். மேனகாவும் நானும் அப்படித்தான் பேசிக்கிட்டோம். தப்புதான்டா. மன்னிச்சிடு."

"பரவால்ல."

"மதியானம் என்னாதான் பண்ண?"

அவன் தயங்கினான். "டைப் அடிச்சுப் பழகுறேன். எங்க ஊருல கம்ப்யூட்டர் இல்ல. ஒரு விரல்தான் வருது. பாத்தா சிரிப்பீங்கன்னு மூடிட்டேன்."

சிந்தியா சிரிக்கவில்லை. வாய் தானாகக் கோணியதைக் கஷ்டப்பட்டு நேராக்கிக்கொண்டாள்.

சுண்டலில் 'டிலே' என்று வருகிற இடத்தையெல்லாம் ஒரே சொடுக்கில் மாற்றிவிடலாம் என்று அவள் பெருமையாகப் பொத்தானை அழுத்தினாள். சுண்டல் ஓடியது! எல்லாரும் கைதட்டினார்கள். கோபிநாத் மட்டும் திரையை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "இது சரியா?" என்று கேட்டான். திரையில், 'பஸ் டிலே' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பஸ் சுண்டல்_டிலே' என்று பளிச்சென்று நின்றது. மேனகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒவ்வொரு இடமாகப் பார்த்து மாற்றினார்கள். அதற்குள் மதியமாகிவிட்டது.

சனிக்கிழமை, கண்காட்சியில் சுண்டலுக்கு முன்னால் நல்ல கூட்டம். யார் விசைப்பலகையில் உட்காருவது என்று மிஸ் கேட்டபோது, சிந்தியா கோபிநாத்தைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் ஒற்றை விரலால் ஒரு நிறுத்தத்தின் பெயரை எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினான்.

பின்னால் நின்ற ஒரு பெரியவர் பொறுமை இழந்தார். "தம்பி, கொஞ்சம் சீக்கிரம் தட்டக் கூடாதா?"

கோபிநாத்தின் காது சிவக்க ஆரம்பித்தது. சிந்தியா ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அவன் நிதானமாத்தான் தட்டுவான் அங்கிள். நீங்க உக்காருங்க."