சாம்பிராணி குடித்த பெட்டி

ஞாயிறு காலை பத்து மணி. அளவெட்டியில் தேவராசா வீட்டு இரும்புக் கணினிப் பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. தேவராசாதான் ஊரைக் கூட்டினார்.

"என்ரை டிஸ்க்கைக் காணேல்லை! ரெண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டுத் திருவிழா முழுக்க அதுக்குள்ளைதான் கிடந்தது!"

கணினித் திரையில் அந்த வருடத்தையே காணவில்லை. பெட்டியின் முன்மூடியைக் கழற்றினார். டிஸ்க் இருக்க வேண்டிய அறையொன்றில் மடித்த காகித மட்டை செருகியிருந்தது. அதைக் கண்டதும் கள்ளன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. முதல்நாள் அந்தப் பெட்டியைத் திறந்தவன் நிருஷன். நெல்லியடியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன். வருகிற ஆவணியில் தேவராசாவின் மகள் தர்சிகாவுக்குத் தாலி கட்ட இருப்பவனும் அவன்தான்.

"கள்ளனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கேலாது. கலியாணமும் இல்லை, ஒண்டும் இல்லை," என்று சொல்லிப் பொலிசுக்கும் அவரே போன் எடுத்தார். தர்சிகா அழுதாள். அதைக் காதில் போட்டுக்கொள்ள அவருக்கு நேரமிருக்கவில்லை.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு உப பொலிஸ் பரிசோதகர் கிறிஸ்ரினா வந்து இறங்கினாள். நாதஸ்வரமும் அவளுக்குத் தெரியாது, கணினியும் அவ்வளவு தெரியாது. ஆனால் ஆட்கள் ஒரு கதையைச் சொல்லும் வரிசையிலேயே அது நடந்திருக்கும் என்று நம்புகிற பழக்கமும் அவளிடம் இல்லை.

"முதல்லை உந்தப் பெட்டி என்ன எண்டு சொல்லுங்கோ ஐயா."

தேவராசாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கோயில் கோயிலாகப் போய்க் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்வது அவருடைய தொழில், பைத்தியம், எல்லாம். அத்தனை பதிவையும் டிஸ்க்குகளில் ஏற்றி, இந்தப் பெட்டியின் அறைகளில் வருடத்துக்கு ஒன்றாகச் செருகி வைத்திருந்தார். கொழும்பில் ஏதோ கம்பனி கழித்துவிட்ட பெட்டி. நிருஷன்தான் தேடிப் பிடித்துக் கொடுத்தான்.

"வந்த புதுசிலை உது போட்ட சத்தம், பிள்ளை! பலாலியிலை பிளேன் ஏறுற மாதிரி," என்றாள் மனைவி சிவகௌரி. "நான் நீர்வேலிக்கு, தங்கச்சி வீட்டை போறன் எண்டு வெளிக்கிட்டுட்டன். பிறகுதான் நிருஷன் உள்ளுக்கை இருந்த ஃபானுகளைக் கழட்டி, ஆறுதலாச் சுத்துற பெரிய ஃபானுகள் போட்டவன். அடியிலை சைக்கிள் ரியூப் வெட்டி வைச்சு, முன்னுக்குக் கம்பளி ஒட்டின மூடியும் செய்து தந்தவன். அதுக்குப் பிறகு மூச்சுக்காட்டாமல் கிடந்தது. வியாழன் விளக்கு வைக்கேக்கை திரும்பவும் தொடங்கினது கோதாரி. ஊ எண்டு ஒரே ஊளை."

"அப்ப ஐயா வீட்டிலை இல்லையோ?"

"வன்னியிலை ஒரு கோயில் பதிவு. புதன் போனனான், வெள்ளி இரவுதான் வந்தனான்," என்றார் தேவராசா. "உடனை உவனுக்கு போன் எடுத்து, விடிய வந்து பார் எண்டனான். என்ரை வாயாலைதானே கள்ளனைக் கூப்பிட்டனான், மிஸ்!"

உவன் என்று அவர் சொன்ன நிருஷன் முற்றத்து மாமரத்தின் கீழ் நின்றான். உள்ளே வர அனுமதி இல்லை. கிறிஸ்ரினா அங்கே போனாள்.

"டிஸ்க்கை எடுத்தனீரோ தம்பி?"

"இல்லை மிஸ். மூடியைக் கழட்டேக்கையே அந்த அறை வெறுமையாத்தான் கிடந்தது. மாமாதான் ஏதோ தேவைக்கு எடுத்திருக்கிறார் எண்டு நினைச்சன். ஓட்டையாலை காத்து இழுபட்டுத்தான் ஊளையிட்டது. மட்டையை மடிச்சு அடைச்சன், சத்தம் நிண்டிட்டுது."

"மாமாவிட்டை கேட்டிருக்கலாமே?"

"அவர் நல்ல நித்திரை." நிருஷன் தலை குனிந்தான். "எழுப்பப் பயமா இருந்தது, மிஸ்."

தேவராசாவை ஒருநாள் கண்டவர்களுக்கே அந்தப் பயம் விளங்கும். ஆனால் பயம் சாட்சியாகாது. கிறிஸ்ரினா அவனையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். தேவராசா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போன கிழமை இந்த வீட்டுக்கு ஆர் ஆர் வந்தது, அம்மா?"

"கொலின்ஸ் எண்டு, ரவுணிலை ஸ்ரூடியோ வைச்சிருக்கிறவர். வெள்ளி மத்தியானம் வந்தவர். இவரின்ரை பதிவெல்லாத்தையும் விலைக்குக் கேட்டுக்கொண்டு திரியிறார். நான் தேசிக்காய்த் தண்ணி கரைச்சுக்கொண்டு வாறதுக்கிடையிலை உந்தப் பெட்டிக்குக் கிட்டத்தான் நிண்டவர். சனி நிருஷன் வந்தவன். வேறை ஒருத்தரும் வரேல்லை."

மேசையில் ஒரு வெற்றிலைத் தட்டம் இருந்தது. மிஞ்சிய வெற்றிலை வாடிக் கிடந்தது. தேவராசாவின் பல்லோ பளிச்சென்று வெள்ளை.

"உது ஆருக்கு?"

"அதோ? குகதாசன் அண்ணைக்கு. தவில் வாசிக்கிறவர். வியாழனுக்கு வியாழன் பின்னேரம் வந்து உதிலை இருந்து வெத்திலை போட்டிட்டுத்தான் போவார்." சிவகௌரியின் குரல் தணிந்தது. "பாவம், மகன் கஜீவன் கப்பலிலை அவுஸ்திரேலியாவுக்கெண்டு போனவன். பன்னிரண்டு வரியத்துக்கு மேலை ஆச்சு, ஒரு தகவலும் இல்லை. போறதுக்கு முதல் தேப்பனும் மகனும் சேந்து வாசிச்சதை எங்கடை ஆள்தான் பதிவு செய்தவர்."

கிறிஸ்ரினா பெட்டியின் முன் குந்தினாள். மட்டையை உருவி இரண்டு பக்கமும் பார்த்தாள். கடையிலிருந்து வந்த மாதிரிச் சுத்தமாக இருந்தது. டோர்ச்சை அடித்து வெறும் அறைக்குள் விரலை விட்டாள். ஆழத்தில், டிஸ்க்கின் பின்புறம் போய்க் கொழுவுகிற இடம்வரைக்கும், சாம்பல் துகள் ஒட்டியிருந்தது. விரலை மூக்கருகில் கொண்டுபோனாள். ஞாயிறு தோறும் தேவாலயப் பூசையில் முகர்ந்து பழகிய மணம்.

"பக்கத்து டிஸ்க்கை இழும் தம்பி."

இழுத்தான். டிஸ்க்கின் முன்பக்க வலையில் மண்ணிறப் படிவு. அதற்கு உள்ளே துடைத்து வைத்தது மாதிரிச் சுத்தம்.

"சாம்பிராணி எப்ப போடுறனீங்கள், அம்மா?"

"வெள்ளி பின்னேரம். வீடு முழுக்கக் காட்டி, கடைசியா உந்தப் பெட்டிக்கும் காட்டுவன். எங்கடை கோயிலெல்லாம் அதுக்குள்ளைதானே கிடக்கு? புகையை மடக் மடக்கெண்டு குடிக்கும்."

கிறிஸ்ரினா எழும்பிக் கையிலிருந்த சாம்பலைத் தட்டினாள்.

"குகதாசன் ஐயாவை ஒருக்கா வரச்சொல்லுங்கோ."

பதினொரு மணிக்கு அவர் வந்தார். பருத்த தோள், மெலிந்து போன முகம், கையில் ஒரு துணிப்பை. வழக்கமான கதிரையில் இருக்காமல் வாசலிலேயே நின்றார்.

"ஐயா, நிருஷன் கள்ளனில்லை," என்று தேவராசாவிடம் தொடங்கினாள் கிறிஸ்ரினா. "பெட்டி முன்பக்கத்தாலை காத்தை இழுக்குது. டிஸ்க் இருக்கிற அறையிலை சாம்பல் முன்வலையோடை நிண்டிடும். வெறும் அறையிலை மட்டும்தான் அடிவரைக்கும் போகும். அந்த அறையிலை அடிவரைக்கும் போயிருக்கு. சனி அடைச்ச மட்டையிலை ஒரு துகளும் இல்லை. அப்ப வெள்ளி பின்னேரம் சாம்பிராணி காட்டேக்கையே டிஸ்க் அங்கை இல்லை."

"அப்ப கொலின்ஸ்தான்!" என்று துள்ளினார் தேவராசா.

"பொறுங்கோ. பெட்டி ஏன் ஊளையிட்டது? அறை வெறுமையானதாலை. எப்ப தொடங்கினது? வியாழன் விளக்கு வைக்கேக்கை. கொலின்ஸ் வந்தது அடுத்தநாள் மத்தியானம். சத்தத்தை நிப்பாட்ட நிருஷன் வந்தான், அதுக்குப் பிறகு டிஸ்க் போச்சு எண்டு நீங்கள் எல்லாரும் கதை சொல்லுறியள். டிஸ்க் போனதாலைதான் சத்தம் வந்தது. சத்தம் வந்ததாலைதான் அவன் வந்தான்."

சிவகௌரியின் கை வாய்க்குப் போயிற்று.

"வியாழன் பின்னேரம் வந்தவரை நீங்கள் சொல்லேல்லை, அம்மா. உங்கடை கணக்கிலை அவர் வெளியாள் இல்லை. எடுத்தது நீங்கள்தானே, குகதாசன் ஐயா?"

அவர் பைக்குள்ளிருந்து பட்டுச் சால்வையில் சுற்றிய டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"சிவகௌரி கிணத்தடிக்குப் போன நேரம் எடுத்தனான். எந்த அறை எண்டு நீதானே காட்டினனீ, தேவராசா. இதுக்குள்ளைதான் உன்ரை மகன் எண்டு விரலாலை தட்டிக் காட்டினனீ. எத்தினை தரம் உன்னட்டைக் கேட்டன்? ஒரு கொப்பி தா, ஒருக்கால் கேக்க விடு எண்டு. பாப்பம், பாப்பம் எண்டே வரியங்களைக் கடத்திப்போட்டாய்."

"வெளியிலை விட்டா இன்ரநெற்றிலை போட்டிடுவாங்கள் எண்டு..." தேவராசா மேசையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தார்.

"வீட்டை கொண்டுபோய் என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை. ஆரிட்டையும் குடுத்துக் கேக்கவும் வெக்கம். காதிலை வைச்சுப் பாத்தன். கல்லு மாதிரிக் கிடந்தது." அவர் நிருஷனைப் பார்த்தார். "தம்பி நிருஷன், உம்மிலை பழி எண்டு நேற்றுப் பின்னேரம்தான் கேள்விப்பட்டன். அப்பவே வந்திருக்கவேணும். வரேல்லை. அது பெரிய பிழை."

நிருஷன் மட்டையிருந்த அறையில் டிஸ்க்கைச் செருகி, மூடியைப் பூட்டினான். பெட்டி மூச்சுக்காட்டாமல் ஓடியது. தேவராசா கணினியில் தேடியெடுத்து அழுத்தினார்.

நாதஸ்வரம் ஓய்ந்தது. இரண்டு தவில் மாறி மாறிப் பேசின. ஒன்று கேட்டது, மற்றது துள்ளிக்கொண்டு பதில் சொன்னது. குகதாசனின் விரல்கள் கதவு நிலையில் தட்டத் தொடங்கின. முடிவு அடியான தீர்மானம் வைத்து முடிந்ததும் சனத்தின் ஆரவாரம். அது அடங்குகிற நேரத்தில், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில், களைத்துச் சிரிக்கும் ஓர் இளங்குரல்.

"அப்பா, கை நோகுதோ?"

தேவராசா திடுக்கிட்டுப் போனார். பெட்டியின் பழைய இரைச்சலுக்குள் இந்தப் பதிவைப் பலமுறை ஓடவிட்டவர், இந்தக் குரலை ஒருநாளும் கேட்டதில்லை.

"இல்லையடா ராசா," என்றார் குகதாசன். "நோகேல்லை."

வீட்டில் எல்லாரும் அழுதார்கள். பொலிஸ்காரியும்தான், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"மிஸ், முறைப்பாடு வேண்டாம்," என்றார் தேவராசா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு நிருஷன் பக்கம் திரும்பினார். "என்னை மன்னியும் தம்பி. உதிலை ஒரு கொப்பி போட்டுத் தாரும், அண்ணை வீட்டை கொண்டுபோகட்டும்."

"ஓம் மாமா."

"பிள்ளை தர்சிகா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார் தேவராசா, "எல்லாருக்கும் தேத்தண்ணி போடு."

நிருஷன் கணினிக்கு முன்னால் இருந்தான். குகதாசன் தன் கதிரையில் வந்து இருந்து, இன்னொருதரம் போடச் சொன்னார்.