உத்தமன் சைக்கிளின் விளக்கு

1996 டிசம்பர் 11. காலை 5.50.

மல்லேஸ்வரத்தில் ஒரு தெருமுனை. மில் வேலைக்குக் கிளம்பிய ஸ்ரீராம்புரத்து உத்தமன் சாலையோரம் இறந்து கிடந்தார். அருகில் அவருடைய சைக்கிள். பத்தடி தள்ளி ஒரு கார். அதை ஓட்டிவந்த சுப்ரமணியன் கைக்குட்டையை முறுக்கியபடி நின்றார்.

“லைட் இல்லாம வந்தான் மேடம். பனி வேற. திரும்பினேன், எதிர்ல வந்துட்டான்.”

சப்-இன்ஸ்பெக்டர் வனஜா சைக்கிளருகே குனிந்தார். முன்சக்கரத்தில் ஈரச் சேறு. விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ டயரை ஒட்டிச் சாய்ந்திருந்தது. ஹேண்டிலுக்குக் கீழே விளக்கு மாட்டும் பட்டை வெறுமையாக இருந்தது.

“பெல் இருக்கு, பிரேக் இருக்கு,” என்றார் கான்ஸ்டபிள் ரங்கா. “லைட்தான் இல்ல. இருட்டுல அது சட்டப்படி தப்பு. செத்தவர் மேலதான் கேஸ் நிக்கும்.”

வனஜா சுப்ரமணியனிடம் திரும்பினார். “சைக்கிளைத் தொட்டீங்களா?”

“கிட்டயே போகல. எதிர் வீட்டுல போன் பண்ணிட்டு இங்கயே நிக்கிறேன்.”

“வேற யாராவது வந்தாங்களா?”

“யாரும் வரல.”

காலை 7.15. காவல் நிலையம்.

“லைட் இல்லாம அவரு போகமாட்டாருங்க,” என்றார் உத்தமனின் மனைவி மரகதம். “ஒரு தடவ போலீஸ் புடிச்சு, ரெண்டு சக்கரத்துலயும் காத்தப் புடுங்கிட்டாங்க. மறுநாளே டைனமோ போட்டுட்டாரு.”

வனஜாவால் உட்கார முடியவில்லை. மூன்று முறை முற்றத்துக்குப் போய் சைக்கிளைப் பார்த்தார். மூன்றாம் முறை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சுப்ரமணியனைக் கூப்பிட்டார்.

“டைனமோ உரசினா மிதிக்கிறது கஷ்டம். லைட்டே இல்லாதவன் அதை ஏன் சக்கரத்துல சாய்க்கணும்?”

“மோதினதுல சாய்ஞ்சிருக்கும் மேடம்,” என்றார் ரங்கா.

“டயரைப் பாருங்க. பக்கமெல்லாம் சேறு. டைனமோ உரசுற இடத்துல மட்டும் சுத்திவர ஒரே கோடா வழிச்செடுத்திருக்கு. சக்கரம் சுத்துறப்பவே டைனமோ ஓடியிருக்கு. லைட் எரிஞ்சிருக்கு. போலீஸ் வர்ற வரைக்கும் அங்க இருந்தது நீங்க ஒருத்தர்தான், சுப்ரமணியன்.”

ரங்கா வெளியே நின்ற காரைச் சோதித்தார். சீட்டுக்கடியிலிருந்து எடுத்துவந்தது ஒரு ஸ்பேனர், கண்ணாடி உடைந்த ஒரு சைக்கிள் விளக்கு.

“வேகமாத் திரும்பிட்டேன்,” என்றார் சுப்ரமணியன். “அவர் மூச்சு நின்னுடுச்சு. இனிமே அவருக்கு என்ன ஆகப்போகுதுன்னு லைட்டைக் கழட்டிட்டேன்.”

மரகதம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவரு மேல தப்பில்லன்னு எழுதுவீங்களா?”

வனஜா அறிக்கையை நிலைய வழக்கப்படி கன்னடத்தில் எழுதினார். எழுதியதைத் தமிழில் மெதுவாகப் படித்தும் காட்டினார். மரகதம் கடைசி வரி வரை கேட்டார்.

“இன்னொரு தடவ படிங்க,” என்றார்.