மூன்று தாமதங்கள்

இருந்தவர்கள்: மாத்திரை கொடுக்கும் நர்ஸ், அதை விழுங்கிய லாரி டிரைவர், கண்ணாடிக்கு வெளியே திரையைப் பார்த்துப் பரிசோதனையை நடத்திக்கொண்டிருந்த அவள்.

பரிசோதனை எளிது. ஒலி புகாத அறை. ஹெட்போனில் ஆலை இரைச்சல். பச்சை விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். மூளையை மந்தமாக்கும் மாத்திரையும் இரைச்சலும் சேர்ந்தால் கை எவ்வளவு பின்தங்குகிறது என்று திரை சொல்லும். பிந்தினால் ‘தாமதம்’. விளக்குக்கு முந்தினால் ‘செல்லாது’.

டிரைவர் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

“உள்ள யாரோ என்னை அக்கானு கூப்பிடுறாங்க. இவ்வளவு பெரிய மீசை வச்சும் பிரயோஜனம் இல்ல.”

நர்ஸ் சிரித்தாள். “இதோட ஏழாவது ஆள். எல்லாரும் இதையேதான் சொல்றீங்க.”

திரையைப் பார்த்திருந்தவள் சிரிக்கவில்லை. “நீங்க பதில் சொன்னீங்களா?”

“வாயத் திறந்தேன்மா. அதுக்குள்ள போயிடுச்சு.”

மயக்கம் தெளியும்வரை படுக்க வைக்க நர்ஸ் அவரைக் கூட்டிப்போனாள். திரையருகே அவள் மட்டும்.

போன வருஷம் அதே நாற்காலியில் அவள் தம்பி உட்கார்ந்திருந்தான். வர வேண்டிய ஆள் வராததால் அவள்தான் அவனை வரச் சொன்னாள். பாதியில் அவன் அழுத்தவில்லை. தாமதம் என்று குறித்தாள். மறுபடியும் தாமதம். மூன்றாவதையும் குறித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள். அவன் வாய் திறந்தபடி நின்றுபோயிருந்தது. மாத்திரை அவன் இதயத்துக்கு ஒத்துவரவில்லை என்றார்கள். அவன் கூப்பிட்டிருப்பான். அவள் காதிலும் ஹெட்போன்; அதே இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது.

நர்ஸ் விட்டுப்போன தட்டிலிருந்து இப்போது ஒரு மாத்திரையை விழுங்கினாள். தலை கனத்ததும் உள்ளே போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

இரைச்சல். சூடான இரும்பு வாசனை.

அப்புறம், இடது காதருகே.

“அக்கா.”

“என்னடா” என்று சொல்ல நினைத்தாள். நாக்கு எங்கோ தூரத்தில் கிடந்தது. அது வந்து சேர்வதற்குள் அவன் இல்லை.

எதிரே சின்னத் திரையில்: தாமதம்.

மாத்திரை இல்லாமல் அவன் குரல் கேட்காது. மாத்திரை போட்டால் பதில் பிந்திவிடும்.

அவன் கூப்பிடும்வரை காத்திருக்காமல், பொத்தானைத் தொடாமலே, சொல்லத் தொடங்கினாள். “என்னடா. என்னடா. இங்கதான்டா இருக்கேன்.”

செல்லாது.

செல்லாது.

செல்லாது.

யாரோ ஹெட்போனை உருவினார்கள். நர்ஸ்.

“பைத்தியமா உனக்கு? எந்திரி.”

தோளில் கைபோட்டு வாசலுக்கு வெளியே இழுத்து வந்தாள். இரைச்சல் இல்லாத அந்த அறையில், முதுகுக்குப் பின்னால், களைத்துப்போன குரல்.

“போக்கா.”

நர்ஸ் சட்டென்று நின்றாள். “நீ ஏதாவது சொன்னியா?”

அவள் திரும்பினாள். உதடுகள் பிரிவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் பூட்டே இல்லாத கதவு, உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டது.